நான் சத்தியம் செய்யாத சனிக்கிழமை

விளையாட்டு மன்றங்களில் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இந்நேரம் ஒரு தடித்த விதிமுறைப் புத்தகம் கொடுத்திருப்பார்கள். அதில் பாதி நான் எழுதியது, ஆகையால் குறை சொல்ல மாட்டேன். எந்தப் படிவத்தை யாரிடம் கொடுப்பது, எந்தக் கதவில் கண்ணாடி வைப்பது எல்லாம் அதில் இருக்கிறது. கை நடுங்கும்போது என்ன செய்வது என்பது மட்டும் இல்லை. அதைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பேசுவதற்குப் பதிலாக எழுதித் தருகிறேன் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன், ஏனென்றால் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்பது ஊரறிந்த விஷயம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் என் பெருமை நிறையவே இருக்கும். ஓய்வு பெற்றவர்கள் அடக்கமாகப் பேசவேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்கு அது வராது. செய்த தப்புகளையும் அதே மூச்சில் சொல்லிவிடுவேன், கணக்கு நேராகிவிடும்.

நான் பிறந்ததும் வளர்ந்ததும் கொல்கத்தாவில். தாத்தா காலத்தில் கம்பெனி வேலைக்காக வந்து பாலிகஞ்சில் தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், படி இறங்கினால் பெங்காலி. தெற்குக் கொல்கத்தாவில் ஏரிக்கரை ஓரமாக இருந்த ஒரு நீச்சல் மன்றத்தில் இருபது வருஷத்துக்கு மேல் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தேன். பெயர் ராஜலக்ஷ்மி. பெங்காலிகள் அதைச் சுருக்கி, அக்கா என்பதற்கு அவர்கள் போடும் ‘தி’யை ஒட்டவைத்து, ராஜிதி ஆக்கிவிட்டார்கள். என் முழங்கால் தேய்ந்து தண்ணீரில் இறங்க முடியாமல் போனபோது மன்றத்தில் பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று ஒரு பதவி புதிதாக வந்தது. யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டுகிற வேலை என்று நினைத்து என் தலையில் கட்டினார்கள். முதல் வருஷம் நானும் காகிதம்தான் ஒட்டினேன்.

இந்த ஊரின் வழக்கம் ஒன்றை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே யாரும் வெறும் ஆளாக இருக்க முடியாது. மீன் விற்பவர் அண்ணன், மாடி வீட்டுக்காரர் பெரியப்பா, நீச்சல் பயிற்சியாளர் காக்கு, அதாவது சித்தப்பா. எனக்கும் பிடித்த வழக்கம்தான். ஆனால் ஒருவர் காக்கு ஆன மறுநாளிலிருந்து அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. பிள்ளையை ஸ்கூட்டரில் வீட்டில் விடுவார், தனியாக நிறுத்தி வைத்துச் சொல்லிக் கொடுப்பார், போனில் பேசுவார். ஒரு வேலையாளிடம் கேட்கக்கூடிய கேள்வியைச் சித்தப்பாவிடம் கேட்க எந்தப் பெற்றோருக்கும் வாய் வராது.

எனக்கு வந்த முதல் புகாரை நான் கெடுத்தது இதனால்தான். ஒரு தாய் வந்து, தன் பத்து வயது மகள் ஒரு பயிற்சியாளரைக் கண்டால் ஒளிந்துகொள்கிறாள் என்று சொன்னாள். நான் நியாயஸ்தி இல்லையா, இரண்டு பக்கமும் கேட்கவேண்டாமா? அவரைக் கூப்பிட்டு, இப்படிச் சொல்கிறார்களே, என்ன விஷயம் என்று கேட்டேன். அன்று சாயங்காலமே அவர் ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்போடு அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார். மறுநாள் அந்தத் தாய் என் முகத்தைப் பார்க்காமல், எல்லாம் எங்கள் மனப்பிராந்தி என்று சொல்லிவிட்டுப் போனாள். குழந்தை அதற்குப் பிறகு வரவேயில்லை. அவர் சில மாதங்களில் வேறு மன்றத்துக்குப் போய்விட்டார். நான் அந்தக் குழந்தையைக் காப்பாற்றவில்லை, அவரை எச்சரித்து அனுப்பினேன். 

இப்போது தாரிணியின் கதை. பெயரை மாற்றியிருக்கிறேன், வேறு எதையெல்லாம் மாற்றியிருக்கிறேன் என்று கேட்காதீர்கள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. அப்பாவுக்குச் சாந்த்ராகாச்சி யார்டில் ரயில்வே வேலை. பூர்வீகம் திருச்சிப் பக்கம். அம்மா செல்வி தினமும் பஸ்ஸில் ஆற்றுப் பாலம் கடந்து மகளைக் கூட்டிக்கொண்டு வருவாள். மல்லாந்து நீந்துவதில் தாரிணிக்கு ஈடாக அந்த வயதில் மன்றத்தில் ஆள் கிடையாது. மாநில அணித் தேர்வில் அவள் நிச்சயம் இடம் பிடிப்பாள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுக்குப் பயிற்சி கொடுத்தவர் எங்கள் மன்றத்திலேயே பெரிய பெயர் எடுத்தவர். எல்லோருக்கும் காக்கு. மன்ற வாசலில் மாட்டியிருந்த அவர் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பல பெற்றோர் பிள்ளையைச் சேர்க்கவே வருவார்கள்.

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு சின்ன விஷயம். தாரிணி நீச்சல் உடைக்கு மேலேயே சுரிதார் போட்டுக்கொண்டு வந்தாள், பயிற்சி முடிந்ததும் ஈரத்தோடு அதையே மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். ஜனவரி மாதம். செல்வி வழியெல்லாம் திட்டிக்கொண்டே போவாள், இவள் காதில் வாங்க மாட்டாள். உடை மாற்றும் அறைக்கும் பயிற்சிச் சாமான்கள் வைக்கும் பொருள் அறைக்கும் நடுவில் இருக்கும் அந்த நடைபாதையில் அவள் ஒரு நிமிஷம்கூட நிற்கப் பிரியப்படவில்லை என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது அவ்வளவுதான், கையில் வேறெதுவும் இல்லை.

இந்த இடத்தில்தான் என் இரண்டாவது தப்பு. நம் தமிழ்ப் பெண், நாம் தமிழில் கேட்டால் மனசு விட்டுச் சொல்லிவிடும் என்று ஒரு நினைப்பு. புதன்கிழமை அம்மாவையும் பெண்ணையும் என் அறைக்குக் கூப்பிட்டு, பிஸ்கட் கொடுத்து, பக்கத்து வீட்டு மாமி மாதிரி குழைந்து குழைந்து பேசினேன்.

“யாராவது ஏதாவது சொன்னாங்களாடா? எதுவானாலும் சொல்லு, நான் இருக்கேன்.”

“ஒண்ணுமில்ல ஆன்ட்டி.”

“பயப்படாதே. அம்மாவும் இருக்காங்க பாரு.”

“ஒண்ணுமில்ல ஆன்ட்டி.”

மூன்று தரம் கேட்டேன், மூன்று தரமும் அதே பதில். பிரச்சினை எதுவும் இல்லை என்று என் கையாலேயே எழுதிக் கோப்பில் வைத்தேன்.

கிளம்பும்போது செல்வி வெகு சாதாரணமாகச் சொன்னாள். “இவ எங்கக்கா தமிழ் பேசுறா? சோறு போடு, தண்ணி குடு, அதோட சரி. சண்டை போடறது, சிரிக்கிறது எல்லாம் பெங்காலிதான். தூக்கத்துல பேசினாக்கூட அதான். எனக்குப் பாதி புரியறதே இல்ல.”

அவர்கள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. எனக்கே சிறு வயதில் தமிழ் எப்படிப்பட்ட மொழி? பெரியவர்களுக்குப் பணிந்து பேசுகிற மொழி, சாப்பிட உட்காருகிற மொழி. உடம்பைப் பற்றிய பேச்சு, கெட்ட வார்த்தை, ரகசியம் எல்லாம் நான் தெருவில் பெங்காலியில் கற்றுக்கொண்டவை. அந்தப் பெண்ணுக்கு நடந்தது எதுவானாலும் அது பெங்காலியில் நடந்திருக்கிறது. நான் அதை அவள் அம்மாவை எதிரில் வைத்துக்கொண்டு தமிழில் கேட்டிருக்கிறேன். வெளிமாநிலத்தில் தமிழை விடாமல் காப்பாற்றினோம் என்று மார்தட்டிக்கொள்கிற என் போன்றவள்தான் இப்படி ஒரு முட்டாள்தனத்தைச் செய்வாள்.

சனிக்கிழமை காலைப் பயிற்சியில் அவளைக் கரையில் இருக்கும் படிக்கட்டுக்குக் கூப்பிட்டேன். எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடம், யார் காதுக்கும் எட்டாத தூரம். செல்வி எதிர்க்கரை பெஞ்சில் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டேன். பெங்காலியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். ஏன் தினமும் ஈரத்தோடு வீட்டுக்குப் போகிறாய்?

 “மா காளீர் திப்பி” என்றாள் அவள். காளி மேல் ஆணை என்று அர்த்தம். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு முதல்ல சத்தியம் பண்ணுங்க, ராஜிதி. அப்பதான் சொல்வேன்.”

இந்த ஊரில் அது சின்னப் பேச்சில்லை. இந்தக் கணத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் உங்களைக் கூட்டிவந்தேன். சத்தியம் செய்தால் அவள் சொல்வாள். செய்யாவிட்டால் எழுந்து போய்விடலாம், அப்புறம் எப்போதுமே சொல்லாமல் போகலாம். சத்தியம் செய்துவிட்டு, கேட்டுக்கொண்டு, பிறகு மீறினால் போயிற்று என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அவளை ஏற்கெனவே ஒரு பெரியவர் ஏமாற்றியிருக்கிறார் என்று சந்தேகப்பட்டுத்தானே அங்கே உட்கார்ந்திருக்கிறேன், இரண்டாவது ஆளாக நான் எதற்கு?

“பண்ண மாட்டேன்டா” என்றேன். “உன்னை யாராவது கஷ்டப்படுத்தியிருந்தா அதை நிறுத்தறவங்ககிட்ட நான் சொல்லியே ஆகணும். யார்கிட்ட சொல்லப் போறேன்னு உனக்கு முதல்ல சொல்லிட்டுத்தான் சொல்வேன். அதுக்கு வேணும்னா சத்தியம் பண்றேன்.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று என் கணவரைக் கேட்டால் தெரியும். எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது, அவள் பேச ஆரம்பித்தாள். என் அறையில் முனகிய பெண் இல்லை இவள். வேகமாக, கோபமாக, கையை ஆட்டி ஆட்டி, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத மாட்டேன், அது அவளுடையது. பயிற்சியாளர், பொருள் அறை, தசை பிடித்துவிடுகிறேன் என்ற சாக்கு. இவ்வளவு தெரிந்தால் உங்களுக்குப் போதும்.

நான் குறுக்கே பேசவில்லை, இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. “நீ சொன்னது நல்லது. உன்மேல ஒரு தப்பும் இல்ல” என்றேன். போலீஸிடமும் அம்மாவிடமும் சொல்லப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, கையைப் பிடித்து என் அறைக்குக் கூட்டிப்போனேன். செல்வியையும் வரச் சொல்லிச் சைகை காட்டினேன்.

அந்தப் பயிற்சியாளர் அப்போது கரையில் வேறு பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்தார். மற்ற இரண்டு பயிற்சியாளர்களைக் கூப்பிட்டு, தேர்வு வாரம், ஆளுக்கொரு பக்கம் கரையிலேயே நில்லுங்கள், எந்தப் பிள்ளையையும் தனியாக அனுப்பாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். பொருள் அறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பிறகு அவள் சொன்னதை அவள் சொன்ன சொற்களிலேயே பெங்காலியில் எழுதினேன். என் பெங்காலிக் கையெழுத்து கோழிக் கிறுக்கல்தான், ஆனால் ஒரு சொல்லைக்கூட அழகுபடுத்தவில்லை.

எழுதி முடிப்பதற்குள் கதவைத் தட்டிக்கொண்டு அவரே வந்து நின்றார்.

“ராஜிதி, பொருள் அறைச் சாவி உங்ககிட்டயா இருக்கு?”

“ஆமா, என்கிட்டத்தான். இருக்கட்டும்.”

“தாரிணியைக் காணோமே. நாலு நாள்ல தேர்வு.”

தாரிணி எனக்குப் பின்னால் நாற்காலியில் இருந்தாள், ஒன்றும் புரியாமல் செல்வி அவள் பக்கத்தில். நான் எழுந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். ஆண்டவன் எனக்கு இந்த உடம்பை எதற்குக் கொடுத்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. “இன்னைக்கு அவளுக்குப் பயிற்சி இல்ல. மத்தவங்களைப் பாருங்க” என்றேன்.  அவர் திரும்பிப் போகும்வரை நகரவில்லை.

செல்வியிடம் சொல்வதுதான் இதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் அழவில்லை. துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். “ரயில்வே காலனிக்கா. ஒரு வீட்டுக்குத் தெரிஞ்சா நாப்பது வீட்டுக்குத் தெரியும். இவ அப்பா ட்யூட்டில இருக்காரு. நாளைக்குச் சொல்றேன். காளிகாட் போயி அம்மனைக் கும்பிட்டுட்டு வந்து ஒரு முடிவு சொல்றேங்க்கா.”

“போயிட்டு வா செல்வி. எனக்கும் சேர்த்துக் கும்பிடு. ஆனா போலீஸுக்கு நான் இப்பவே போன் பண்ணணும். உன்கிட்ட அனுமதி கேக்கல, சட்டம் என்னைக் கட்டிப் போட்டிருக்கு. இவ பேர் எங்கயும் வெளியில வரக்கூடாதுன்னும் அதே சட்டம் சொல்லுது. அதை மீறறவங்களை நான் சும்மா விடமாட்டேன்.”

கொடூரமாகத்தான் இருந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். அப்போதுதான் தாரிணி அவள் கையைத் தொட்டு, தேடித் தேடித் தமிழில் சொன்னாள். “அம்மா, நான் பொய் சொல்லல.” செல்வி துப்பட்டாவை எடுத்து மகளின் ஈரத் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். துவட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, பண்ணுங்க என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

போனை எடுத்துக்கொண்டு அறைக்கு வெளியே வரும்போது மன்றச் செயலாளர் எதிரில் வந்தார். நல்ல மனிதர், ஐந்து பிள்ளைகளின் கட்டணத்தை யாருக்கும் தெரியாமல் தானே கட்டியவர். ஓரமாக அழைத்துப்போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன், பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை. முகம் வெளுத்துவிட்டது. பிறகு எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். நாலே நாள், தேர்வு முடியட்டும், கமிட்டி கூட்டி விசாரிக்கலாம்.

“அவரையும் ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா, ராஜிதி? நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல?”

இதே நியாயத்தைத்தான் நான் முன்பு ஒருமுறை செய்து ஒரு குழந்தையைத் தொலைத்தேன். “கேக்கறதுக்கு ஆள் இருக்காங்க. அது நீங்களும் இல்ல, நானும் இல்ல” என்றேன். “தெரிஞ்ச பிறகு சொல்லாம இருந்தா உங்க மேலயும் கேஸ் வரும், என் மேலயும் வரும். இந்த வயசுல ரெண்டு பேரும் சேர்ந்து ஜெயிலுக்குப் போனா ஊர் என்ன பேசும்?” அவர் சிரிக்கவில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, நான் போலீஸிடம் போனில் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

சீருடை இல்லாமல் ஒரு பெண் போலீஸ் அதிகாரி வந்தார். எங்கே உட்கார்ந்து பேசலாம் என்று தாரிணியைத்தான் கேட்டார். காலனி வேண்டாம், ராஜிதி வீடு என்றாள். அன்று மத்தியானம் என் வீட்டுக் கூடத்தில், அம்மா பக்கத்தில் இருக்க, பெங்காலியில், ஒரே தடவை சொன்னாள். நான் சமையலறையில் யாருக்கும் வேண்டாத உப்புமாவைக் கிளறிக்கொண்டிருந்தேன். சாயங்காலத்துக்குள் பயிற்சியாளரைப் போலீஸார் அழைத்துப்போனார்கள். அடுத்த வாரம் இன்னும் இரண்டு குடும்பங்கள் தாங்களாக வந்து பேசின. வழக்கு வருஷக்கணக்கில் நடந்து தண்டனையில் முடிந்தது.

எல்லோரும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள் என்று நினைக்காதீர்கள். தேர்வில் எங்கள் மன்றம் மண்ணைக் கவ்வியது. சில பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். ஒருவர் என்னைப் படியில் நிறுத்தி, ஒரு நல்ல மனுஷனை ஒழித்துவிட்டீர்களே என்றார். எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. தாரிணி வரவில்லை, அதுதான் என்னை அரித்தது. பிப்ரவரி போயிற்று, மார்ச் போயிற்று. செல்விக்குப் போன் செய்தால், பாக்கலாங்க்கா என்பாள். அவரை நிறுத்திவிட்டேன், ஆனால் அவளிடமிருந்து தண்ணீரையும் பிடுங்கிவிட்டேனோ என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. முதல் குழந்தையைப் போல இவளும் போய்விட்டால் நான் செய்ததற்கு என்ன அர்த்தம்?

ஏப்ரலில் ஒருநாள் காலை அவள் வந்தாள். நேராக என் அறைக்கு வந்து, பள்ளி நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை மேஜைமேல் வைத்தாள். பெங்காலியில் எழுதிய புகார். யார்மேல் என்று பார்த்தால் என்மேல். அந்தப் புதன்கிழமை அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எனக்குப் பேச வராத மொழியில், மூன்று தடவை கேட்டீர்கள். அதனால் மேலும் மூன்று நாள் நான் பயந்துகொண்டு பயிற்சிக்கு வந்தேன். இனி எந்தப் பிள்ளையிடமும் அப்படிக் கேட்கக் கூடாது. கீழே தேதி, கையெழுத்து.

மூன்று நாள். அந்த மூன்று நாளை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. தலை குனிந்தது. அதே நேரத்தில், பொய் சொல்வானேன், நெஞ்சு விம்மியது. யார்மேல் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம் என்று வருஷக்கணக்காகப் பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தேன், ஒரு பிள்ளைகூட அதை நம்பியதில்லை. இவள் நம்பியிருக்கிறாள்.

செயலாளர் அதைப் படித்துவிட்டு, “விடுங்க ராஜிதி, சின்னப் பொண்ணு” என்று மடித்துப் பையில் வைக்கப் போனார். நான் பிடுங்கி, எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றினேன். பதில் எழுதினேன். அடுத்த நாள் தாரிணி என் எதிரில் நின்றபடியே அதைப் படித்தாள்.

“நடந்ததுக்கு வருந்துகிறேன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா.”

“யார் பண்ணினதுன்னு எழுதலையே.”

தாளை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். நான் செய்தது தவறு. அவசரப்பட்டு, எனக்கு வசதியான மொழியில் கேட்டேன். இனி அப்படிச் செய்ய மாட்டேன். அவள் நின்று நிதானமாக இரண்டு தடவை படித்துவிட்டு, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டாள். பிறகு புதுப் பயிற்சியாளர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று என்னைக் கேட்டுக்கொண்டு வெளியே போனாள்.

என் பணிக்காலம் முழுவதிலும் என்மேல் பதிவான புகார் அது ஒன்றுதான். ஓய்வுபெற்ற அன்று, எனக்கு அடுத்து வந்தவர் முதலில் அதைப் படிக்கட்டும் என்று கோப்பின் முதல் பக்கமாக வைத்து ஒப்படைத்துவிட்டு வந்தேன்.